நாவலை வைத்து எடுத்த, அதிகம் பேர் பார்க்காத, வளரும் பருவத்தைப் பற்றிய படம் ஒன்று சொல்ல முடியுமா?

ஒன்றே ஒன்று என்றால், 1979இல் வந்த ஆஸ்திரேலியப் படமான 'மை பிரில்லியன்ட் கேரியர்'. நம்மூரில் இதைப் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்று நினைக்கிறேன். ஆனால் 'ஜுராசிக் பார்க்' படத்தில் டைனோசருக்குப் பயந்து ஓடும் விஞ்ஞானியை எல்லோருக்கும் தெரியும். அந்த சாம் நீல்தான் இதில் நாயகன், இளமையாக, குதிரை மேல்.

நாயகன் கிடக்கட்டும், படம் முழுக்க சிபில்லா மெல்வின் என்ற பெண்ணுடையது. 1890களின் கடைசி, ஆஸ்திரேலிய உள்நாடு, மழை இல்லாத வறண்ட நிலம், அதில் போசம் கல்லி என்று ஒரு பண்ணை. முதல் காட்சியில் வெளியே புழுதிக்காற்று அடிக்கிறது. வீட்டார் எதை எடுத்து உள்ளே வைப்பது என்று அல்லாடுகிறார்கள். இவள் அது எதையும் காதில் வாங்காமல், தான் எழுதியதை உரக்கப் படித்துக்கொண்டிருக்கிறாள். இது முழுக்க முழுக்க என்னைப் பற்றிய கதை என்று நாட்டு மக்களுக்கே அறிவிப்பு வேறு! பரட்டை முடி, முகமெல்லாம் புள்ளிகள், மாடு கறக்க வேண்டிய வீட்டில் எழுத்தாளராகும் கனவு. அவள் அம்மாவுக்கு எரிச்சல் வருவதில் நியாயம் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றியது.

இவளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அங்கே பசுமை, பியானோ, புத்தகங்கள், வெள்ளை விரிப்பு போட்ட சாப்பாட்டு மேசை. ஹெலன் சித்தி தலைவாரிவிட்டு, முகத்துக்குப் பூசிவிட்டு, இவளை ஒரு 'பெண்ணாக' ஆக்கப் பார்க்கிறாள். அந்தச் சித்தியே கணவன் விட்டுவிட்டுப் போனவள். காதலுக்காகக் கல்யாணம் செய்துகொள்ளாதே என்று அவள் சொல்லும்போது அந்த வீட்டின் அழகு முழுக்க வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கிறது.

அப்புறம் ஹாரி பீச்சம் வருகிறான். பக்கத்துப் பெரிய பண்ணைக்காரன். பணம், அழகு, கண்ணியம் எல்லாம் உண்டு. இவள் வாயாடித்தனமும் அவனுக்குப் பிடித்திருக்கிறது. இருவரும் தலையணையால் அடித்துக்கொண்டு வீட்டுக்குள்ளும் தோட்டத்திலும் துரத்தி விளையாடும் காட்சி ஒன்று உண்டு. வசனம் இல்லாமலேயே இரண்டு பேருக்கும் என்ன நடக்கிறது என்று புரிந்துவிடும். அதே ஹாரி, ஒரு விருந்து இரவில், ஏதோ உத்தியோகம் தருகிறவன் மாதிரிக் கல்யாணப் பேச்சை எடுத்துவிட்டு முத்தமிட நெருங்கும்போது குதிரைச் சவுக்கால் முகத்தில் ஒன்று வைக்கிறாள். அடித்த பிறகு அவளே பதறிப்போகிறாள்.

இந்தப் படத்தை நான் என் அம்மாவோடு பார்த்தேன். ஆங்கிலம் தெரியாது என்பதால் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டே வந்தேன். சிபில்லா இரண்டு வருஷம் பொறு என்று ஹாரியிடம் சொன்ன இடத்திலேயே அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "பையன் நல்லவனா இருக்கான், வசதி இருக்கு, இவளைப் பிடிச்சும் இருக்கு. அப்புறம் என்னடி இவளுக்கு?"

என் கணிப்பில் படத்தின் பலமே அந்தக் கேள்விதான். ஹாரியைக் கெட்டவனாகக் காட்டியிருந்தால் அவள் மறுப்பது ஒரு விஷயமே இல்லை. முதல் தடவை பார்த்தபோது எனக்கும் அவள் மேல் கோபம்தான். ஆனால் நடுவில் ஒரு பகுதி வருகிறது. அப்பா வாங்கிய கடனுக்கு வட்டியை ஈடுகட்ட, மக்ஸ்வாட் என்ற குடும்பத்தில் பிள்ளைகளுக்கு வாத்தியாராகப் போகிறாள். சேறு, பன்றி, அழுக்கு. பாடப்புத்தகத்துக்கு வழியில்லை. சுவரில் ஒட்டியிருக்கும் பழைய செய்தித்தாள்களைக் காட்டியே எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லித் தருகிறாள். இரண்டாம் தடவை பார்த்தபோது அந்தச் சுவரைத் தாண்டி என் கவனம் போகவில்லை. பாட்டி வீட்டுப் புத்தக அலமாரியைவிட இந்தச் சுவர்தான் அவளை எழுத்தாளராக்கியது என்று எனக்குப் படுகிறது.

கடைசியில் ஹாரி மறுபடி வந்து கேட்கிறான். என் வாழ்க்கையையே நான் இன்னும் வாழவில்லை, இன்னொருவர் வாழ்க்கைக்குள் எப்படிக் கரைந்துபோவது என்கிற மாதிரி சொல்லி மறுத்துவிடுகிறாள். அவனைப் பிடிக்காமல் இல்லை என்பது சிபில்லாவாக நடித்த ஜூடி டேவிஸின் முகத்திலேயே இருக்கிறது. இந்த நடிப்புக்கு அவருக்கு பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது.

நாவலைப் பற்றியும் சொல்ல வேண்டும். எழுதியவர் மைல்ஸ் ஃபிராங்க்ளின். பதின்வயதில் எழுதியது, 1901இல் வெளிவந்தபோது அவருக்கு 21 வயது. ஆண் எழுதியதாக நினைக்கட்டும் என்றுதான் 'மைல்ஸ்' என்ற பெயரைப் போட்டுக்கொண்டார். முன்னுரை எழுதிய ஆஸ்திரேலிய எழுத்தாளர் ஹென்றி லாசனோ, இதை எழுதியது ஒரு பெண் என்று அதிலேயே போட்டு உடைத்துவிட்டார்! தலைப்பில் 'பிரில்லியன்ட்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஃபிராங்க்ளின் ஒரு கேள்விக்குறி வைத்திருந்தார், பதிப்பாளர்கள் அதை எடுத்துவிட்டார்கள். கேலியாக வைத்த தலைப்பு வீறாப்பாக ஆகிவிட்டது. உறவினரும் ஊராரும் இது எங்களைப் பற்றித்தான் என்று எடுத்துக்கொண்டதில் நொந்துபோய், தான் இருக்கும்வரை மறுபதிப்பே வேண்டாம் என்று தடுத்துவிட்டார். 1954இல் அவர் இறந்து, 1966இல்தான் புத்தகம் திரும்ப வந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் உயில்படி உருவான மைல்ஸ் ஃபிராங்க்ளின் விருதுதான் இன்று ஆஸ்திரேலியாவின் பெரிய இலக்கிய விருதுகளில் ஒன்று.

நாவலின் முடிவு படத்தைவிடக் கசப்பானது. அதில் சிபில்லா அதே போசம் கல்லியில், அதே மாட்டுக்கொட்டகையில் நிற்கிறாள், எதிரே எதுவும் தெரிவதில்லை. படத்தை இயக்கிய கில்லியன் ஆம்ஸ்ட்ராங் (1994இல் 'லிட்டில் விமன்' எடுத்தவரும் இவர்தான்) அவளுக்கு ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டார். எழுதி முடித்ததைக் கட்டி, விடியற்காலையில் பண்ணை வாசலில் இருக்கும் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, கேட்டில் சாய்ந்து சூரியன் வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நாவலுக்கு விசுவாசம் வேண்டும் என்பவர்கள் இதைக் குறை சொல்லலாம். எனக்கு இது போதுமாக இருந்தது.

திரையில் கடைசியாகச் சில வரிகள் வந்தன. "என்னமோ எழுத்து போட்டானே, என்னடி அது?" என்று அம்மா கேட்டாள். அந்தப் புத்தகம் 1901இல் எடின்பரோவில் அச்சாகி வந்தது என்று போட்டிருக்கிறான் என்றேன்.

"அப்போ போய்ச் சேர்ந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து உலை வைக்கப் போனாள்.