கேளுங்கள், சொல்கிறேன்: அந்த இருபது வெள்ளி எங்கே போகிறது?

ஈசூன் வாசகி: எம்ஆர்டி வாசலில் ஒரு தம்பி அட்டையும் பேனாவுமாக வந்து நிறுத்தி, வெளிநாட்டுக் குழந்தைகளுக்காக மாதம் 20 வெள்ளி கேட்டார். பாவமாக இருந்தது, கையெழுத்துப் போட்டுவிட்டேன். வீட்டில் சொன்னால் என் கணவர் சிரிக்கிறார். "அதெல்லாம் ஜெனிவாவில் பெரிய அதிகாரிகளின் ஏர்கான் பில்லுக்குத்தான் போகும்" என்கிறார். நிஜமாகவா?

ஏர்கான் பில்லும் அதில் இருக்கிறது, இல்லை என்றால் பொய். உங்களை நிறுத்திய தம்பிக்கும் பெரும்பாலும் சம்பளம் உண்டு, அதுவும் இந்தப் பணத்திலிருந்துதான். ஆனால் உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள், அரிசி மூட்டை தானாக நடந்து போகாது.

ஐநாவின் உலக உணவுத் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1961ல் தொடங்கியது, ரோமில் தலைமையகம், 2020ல் அமைதிக்கான நோபல் பரிசு. இத்தனை பெரிய அமைப்புக்கு நிலையான வருமானம் என்று ஒரு காசு கிடையாது, எல்லாம் விரும்பிக் கொடுப்பதுதான், அதிலும் பெரும்பங்கு அரசாங்கங்கள் கொடுப்பது. ஒரு பெரிய நாடு கையை இறுக்கினால் எங்கோ ஒரு அகதி முகாமில் ரேஷன் குறைந்துவிடும். 2025ல் அமெரிக்கா வெளிநாட்டு உதவிக்கென்றே வைத்திருந்த தன்னுடைய யுஎஸ்எய்ட் அமைப்பையே மூடியது நினைவிருக்கும்.

பணம் வந்த பிறகு நடப்பது நம் கல்யாணச் சமையல் மாதிரிதான். எத்தனை இலை விழும், சாமான் எங்கே மலிவு, லாரிக்கு யார், பந்தியில் யாரை உட்கார வைப்பது. இந்தக் கடைசிக் கேள்வியில்தான் எல்லாமே இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் உதவி போனபோது மீனவக் குடும்பங்களின் பெயர்கள் பட்டியலில் முதலில் ஏறின, அது நியாயம்தான், ஆனால் படகு இல்லாமல் வயலிலும் உப்பளத்திலும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த தலித் குடும்பங்கள் பல இடங்களில் பட்டியலுக்கு வெளியே நின்றன. கடல் அவர்கள் பிழைப்பையும்தான் அடித்துக்கொண்டு போயிருந்தது. அவர்களைத் தேடி வீடு வீடாக நடந்து பெயர் எழுத ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளின் சம்பளத்தைப் பல நேரம் 'நிர்வாகச் செலவு' என்றுதான் கணக்கில் எழுதுவார்கள், நாமும் அதைப் பார்த்துத்தான் முகம் சுளிக்கிறோம்.

அதனால் நூற்றுக்கு எத்தனை காசு அலுவலகத்துக்குப் போகிறது என்று மட்டும் கேட்காதீர்கள், அந்த ஊரில் பட்டியல் போடுவது யார் என்று கேளுங்கள். அப்புறம், வெளிநாட்டு உதவிக்காக இங்கே பொதுமக்களிடம் பணம் திரட்ட அறநிறுவன ஆணையாளரின் அனுமதி வேண்டும். அடுத்த முறை அதைக் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் நடையைக் கட்டுங்கள்.

உட்லண்ட்ஸ் வாசகர்: இலங்கைக்கு ஐஎம்எஃப் 'உதவி' என்று செய்தியில் படித்தோம். உதவி என்றால் யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் அக்காவுக்கு ஏன் கரண்ட் பில் ஏறியது, வரி ஏறியது?

அது கடன், ஐயா. ஐஎம்எஃப் என்பது அனைத்துலகப் பண நிதியம், நெருக்கடியில் மாட்டிய நாடுகளுக்குக் கடன் கொடுக்கும் அமைப்பு. செய்தி எழுதுபவர்கள் 'உதவி' என்று எழுதிவிடுகிறார்கள். 2023 மார்ச்சில் ஒப்புதல் ஆனது, ஏறக்குறைய 300 கோடி அமெரிக்க டாலர், 48 மாதத் திட்டம். மொத்தமாகக் கையில் கொடுக்க மாட்டார்கள். தவணை தவணையாகத்தான் வரும், ஒவ்வொரு தவணைக்கு முன்பும் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார்கள். வரவைக் கூட்டு, மின்சாரத்தை அடக்க விலைக்குக் கீழே விற்காதே என்பதெல்லாம் நிபந்தனைகள். 2024 ஜனவரியில் அங்கே பொருள் வாங்கும்போது கட்டும் வாட் வரி 18 விழுக்காடு ஆனதும் அந்த வழியில்தான். கஜானா காலியானது மேலே இருந்தவர்கள் செய்த வேலை, பில் வந்தது உங்கள் அக்கா வீட்டுக்கு. உங்கள் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு கதவும் இருக்கிறது. உலக வங்கிக் குழுமத்தில் ஐடிஏ என்று ஒரு பிரிவு, 1960ல் ஏழை நாடுகளுக்கென்றே தொடங்கியது. வட்டி இல்லை அல்லது பெயருக்குக் கொஞ்சம், 30, 40 ஆண்டுகளில் மெல்லத் திருப்பிக் கொடுக்கலாம். ஓரளவு வசதி வந்துவிட்டது என்று அந்தச் சலுகையைத் தாண்டிப் போயிருந்த இலங்கை, 2022 டிசம்பரில் மறுபடி கேட்டு அதற்குள் வந்தது. மேல் வகுப்புக்குப் போன பிள்ளை பழைய வகுப்புக்கே திரும்பி வந்து உட்கார்ந்த மாதிரி.

தோ பாயோ மாணவர்: சிங்கப்பூர் எப்போதாவது இப்படி உதவி வாங்கியிருக்கிறதா? தாத்தா ஆமாம் என்கிறார், நம்ப முடியவில்லை.

தாத்தா சொல்வதை நம்பு, தம்பி. 1960ல் ஐநா அனுப்பிய குழு இங்கே வந்தது, தலைவர் வின்சேமியஸ் என்ற டச்சுப் பொருளியல் நிபுணர். தொழிற்சாலைகளைக் கொண்டு வாருங்கள் என்றார், இங்கே பிரிட்டிஷ் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸின் சிலையை எடுத்துவிடாதீர்கள் என்றும் சொன்னார், வெளிநாட்டு முதலாளிகளுக்கு அது நம்பிக்கை தருமாம்! 1984 வரை நமக்கு ஆலோசகராக இருந்தார். மின்நிலையம், தண்ணீர் என்று 1960களில் உலக வங்கியிடம் கடனும் வாங்கினோம். இப்போது நம் முறை. 1992ல் தொடங்கிய சிங்கப்பூர் ஒத்துழைப்புத் திட்டத்தில் வளரும் நாட்டு அதிகாரிகள் இங்கே வந்து பயிற்சி எடுத்துப் போகிறார்கள். பணப்பெட்டி கொடுப்பதில்லை, பாடம் கொடுக்கிறோம்.

ஜூரோங் வெஸ்ட் வாசகி: எங்கள் புளோக்கில் பழைய துணி சேர்த்து வெள்ளம் வந்த நாட்டுக்கு அனுப்பப் பார்க்கிறோம். யாரிடம் கொடுக்கலாம்?

யாரிடமும் வேண்டாம், அம்மா. 2005 ஜனவரியில் நாகப்பட்டினம் போயிருந்தேன். சாலையோரம் குவியல் குவியலாகப் பழைய துணி, மேலே ஆடு ஏறி நின்றுகொண்டிருந்தது. நல்ல மனதோடு அனுப்பியதுதான், ஆனால் உடுத்த ஆள் இல்லை, அப்புறப்படுத்தவும் ஆள் இல்லை. பணமாக அனுப்பினால் அந்த ஊர்க் கடையிலேயே வாங்குவார்கள், கடைக்காரரும் பிழைப்பார். துணிகளை இங்கேயே மறுசுழற்சிக்குக் கொடுத்துவிட்டு, கொரியர் செலவுக்கு ஒதுக்கிய காசைச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு அனுப்புங்கள்.