மறு: வெளிநாட்டு கார்ட்டூன் டிவிடி ஓடவில்லை

குழந்தைக்கு வாங்கிய கார்ட்டூன் தொடரின் மண்டலம் 1 (அமெரிக்கா, கனடாவில் விற்பதற்கான குறியீடு) டிவிடி, உங்கள் பிளேயரில் ஓடவில்லை, கணினியில் போட்டால் மண்டலத்தை மாற்றவா என்று கேட்கிறது என்கிறீர்கள். அவசரப்பட்டு சரி என்று அழுத்திவிடாதீர்கள்! பெரும்பாலான கணினி டிவிடி டிரைவ்களில் 5 முறைதான் மாற்ற முடியும், அப்புறம் கடைசியாக வைத்த மண்டலத்திலேயே பூட்டிக்கொள்ளும். முதலில் விஎல்சி (VLC) என்ற இலவச வீடியோ மென்பொருளில் திறந்து பாருங்கள், பல டிரைவ்களில் அப்படியே ஓடிவிடும். டிவியில்தான் பார்க்க வேண்டும் என்றால் எல்லா மண்டலங்களையும் ஏற்கும் பிளேயர் வேண்டும், அதோடு என்டிஎஸ்சி (NTSC), பால் (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறைகள் இரண்டும் உங்கள் டிவியில் வருமா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் படம் கறுப்பு வெள்ளையாக உருண்டுகொண்டிருக்கும். இனி வாங்கும்போது உறையின் பின்னால் உலக உருண்டைக்குள் இருக்கும் எண்ணைக் கவனியுங்கள். எபிசோடு பட்டியலையும்தான், குழந்தைகள் தொடர்களில் நாலைந்து எபிசோடுகளை மட்டும் போட்டு விற்பது சகஜம்.