தொக்கணம் செய்பவர் நோயாளியிடம் பேச வேண்டுமா?

கேள்வி: என் தாயாருக்கு 63 வயது, பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. இடது தோளைத் தூக்க முடியாத வலிக்காக ஒரு நிலையத்தில் 14 நாள் எண்ணெய்த் தொக்கணத்துக்கு (கையால் உருவிப் பிடித்துவிடும் சித்த மருத்துவச் சிகிச்சை) முழுப் பணமும் கட்டிவிட்டோம். ஆறு நாள் முடிந்திருக்கிறது. தினமும் வேறொரு பெண் வருகிறார், எவரும் எதுவும் கேட்பதில்லை, வலிக்கிறது என்றால் "வலித்தால்தான் குணமாகும்" என்கிறார்கள். முன்பு எங்கள் தெருப் பாட்டி ஒருவர் பேசிக்கொண்டே உருவிவிடுவார். அந்தச் சுகம் இதில் இல்லை என்கிறார் அம்மா. பேச்சும் பரிவும் சிகிச்சையில் சேர்ந்தவையா, வெறும் மனத்திருப்தியா? மீதி எட்டு நாளைத் தொடரலாமா?

பதில்: அவை சிகிச்சையில் சேர்ந்தவைதான். இப்போது நடக்கும் விதத்தில் மீதி எட்டு நாளைத் தொடர வேண்டாம்.

சித்த மருத்துவத்தில் நோயை அறிய எண்வகைத் தேர்வு என்று ஒரு முறை உண்டு: நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். இவற்றுள் பரிசம் என்பது தொட்டறிவது. மொழி என்பது நோயாளியின் குரலையும் பேச்சையும் கவனித்து அறிவது. புற மருத்துவ முறைகள் முப்பத்திரண்டில் ஒன்றான தொக்கணத்தில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகை உண்டு. இந்த உடலுக்கு இன்று இவற்றில் எது பொருந்தும், எவ்வளவு பொருந்தும் என்பதை நோயாளியைக் கேட்காமல் முடிவு செய்ய முடியாது. நேற்று தாங்கிய அழுத்தத்தை, இரவு உறங்காத உடல் இன்று தாங்காது.

வலி வரப்போகிறது என்று அஞ்சும் தசை தன்னைக் காத்துக்கொள்ள இறுகும். இறுகியதை மேலும் பலமாக அழுத்தினால் அது இன்னும் இறுகுமே தவிரத் தளராது. மெதுவான வருடலை உணர்வதற்கென்றே நம் தோலில் தனி நரம்பிழைகள் இருக்கின்றன. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வரை நகரும் கைக்கே அவை நன்றாக விடையளிக்கின்றன, அந்தச் செய்தி மூளையில் உணர்ச்சிகளோடு தொடர்புடைய பகுதிக்குச் செல்கிறது. உங்கள் தெருப் பாட்டி பேசிக்கொண்டே உருவியதால் கை நிதானமாக நகர்ந்தது, உடலும் தளர்ந்தது. ஆனால் அவர் நோயை அறிந்து செய்யவில்லை என்பதையும் மறந்துவிடாதீர்கள். ஆறுதல் கிடைத்ததாலேயே நோய் தீர்ந்ததாகக் கொள்ளக் கூடாது.

உங்கள் தாயாரிடம் முதல் நாளே இரண்டு கேள்விகளைக் கேட்டிருக்க வேண்டும். படியேறும்போதோ வேகமாக நடக்கும்போதோ அந்த வலி வருகிறதா, கூடவே வியர்வையோ மூச்சுத்திணறலோ உண்டா என்பது முதல் கேள்வி. ஆம் என்றால் எண்ணெய்க் கட்டிலுக்கு முன் ஈசிஜி எடுக்க வேண்டும், ஏனெனில் இதய வலி இடது தோளிலும் தெரியும். இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடிகிறதா என்பது இரண்டாவது. முடியவில்லை, கையைப் பின்னால் கொண்டுபோய்த் தலைமுடியைப் பின்னவும் முடியவில்லை என்றால், அது சர்க்கரை நோயாளிகளுக்கு அதிகம் வருகிற, சித்த மருத்துவர்களாகிய நாங்கள் கும்பவாதம் என்றும் மக்கள் ஃப்ரோசன் ஷோல்டர் என்றும் சொல்லும் தோள் இறுக்கமாக இருக்கலாம். இரவு வலி மிகுந்திருக்கும் அதன் முதற்கட்டத்தில் கையைப் பலவந்தமாகத் தூக்கி இழுப்பது வலியைப் பெருக்கும். இந்நோய் முழுதாகத் தணியப் பெரும்பாலும் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை ஆகும் என்னும்போது, அந்தப் பதினான்கு நாள் கணக்கு எங்கிருந்து வந்தது?

அது மருத்துவத்திலிருந்து வரவில்லை, விற்பனையிலிருந்து வந்தது. 7 நாள், 14 நாள், 21 நாள் என்று அட்டை அச்சிட்டு, நோயாளியை ஒருவரும் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே மேசையில் பணம் வாங்கிவிடும் நிலையங்களை நம்பாதீர்கள் என்று நான் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். ஆள் சேர்த்துவிட்டுக் கமிஷன் பெறும் இடைத்தரகர்கள் இத்தொழிலில் பெருகிவிட்டார்கள். அவர்கள் கேட்பது உங்கள் தாயாரின் வலியை அன்று, உங்களால் எவ்வளவு கட்ட முடியும் என்பதைத்தான். வெள்ளைக் கோட்டு அணிந்து வரவேற்பில் அமர்ந்திருப்பவர் மருத்துவர்தானா என்று பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள். ஐந்தரை ஆண்டு படித்த சித்த மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுக்க, உடலில் கை வைப்பவர் சில வாரப் பயிற்சியோடு வந்தவராக இருப்பதும் உண்டு. ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்குக் கொடுத்து வேலை வாங்கினால் அந்தப் பெண்தான் எப்படி நின்று கேட்பார்? அரசு மருத்துவமனைகளில் இத்தகைய வியாபாரம் இல்லை, ஆனால் நீண்ட வரிசைக்கு முன்னால் ஒற்றைச் சிகிச்சையாளரை நிறுத்திவிட்டு, எத்தனை பேருக்கு முடிந்தது என்று மட்டும் பதிவேட்டில் எழுதச் சொல்கிறார்கள். என்ன கேட்டார், நோயாளி என்ன சொன்னார் என்று எழுத நான் பணியாற்றிய எந்தப் பதிவேட்டிலும் ஒரு கட்டம்கூட இருந்ததில்லை. பல முறை கேட்டும் கிடைக்கவில்லை.

கேட்பதே போதும் என்று நான் சொன்னதாகக் கொள்ள வேண்டாம். உங்கள் தாயார் விஷயத்தில் ஒரு விலக்கு உண்டு. நெடுநாள் சர்க்கரை நோய் நரம்பு உணர்வை, முக்கியமாகப் பாதங்களிலும் பிறகு கைகளிலும், மழுங்கச் செய்துவிடும். சூடான கிழியை (மருந்து வைத்துக் கட்டிய துணிப் பொட்டலத்தை) வைத்துக்கொண்டு "சூடு தாங்குகிறதா?" என்று கேட்டால், தோல் வெந்துகொண்டிருக்கும்போதும் "தாங்குகிறது" என்று அவர் உண்மையாகவே சொல்லக் கூடும். அது பொய்யன்று, அவருக்குத் தெரியவில்லை. ஆகவே எண்ணெயையும் கிழியையும் சிகிச்சையாளர் ஒவ்வொரு முறையும் தம் புறங்கையில் வைத்துப் பார்த்த பின்பே அவர் உடலில் வைக்க வேண்டும், ஒரே இடத்தில் அழுத்தி நிறுத்தக் கூடாது, சில நிமிடத்துக்கு ஒரு முறை தோல் சிவந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும், முடிந்த பின் விரலிடுக்குகளையும் பாதத்தையும் துடைத்துக் காயமோ கொப்புளமோ உண்டா என்று பார்க்க வேண்டும். ஒருவர் பார்த்ததை மறுநாள் வருபவர் அறியாததால், தினமும் ஆள் மாறுவது இத்தகைய நோயாளிக்கு ஆபத்தானது.

நாளைக் காலை அங்கே போய், நிலைய மருத்துவரே தாயாரைப் பரிசோதிக்க வேண்டும், மீதி நாட்களில் ஒரே பெண் சிகிச்சையாளர் வர வேண்டும், தாயார் கை உயர்த்தினால் அந்த நொடியே நிறுத்த வேண்டும் என்று மூன்றையும் கேளுங்கள். ஒப்புக்கொண்டால் இரண்டு நாள் பாருங்கள். தொக்கணம் செய்த அன்றிரவு தூக்கம் முன்பைவிடக் கெட்டால் நிறுத்திவிடுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் ரசீதைக் காட்டி எட்டு நாள் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தர மறுத்தால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கட்டிய பணம் வீணாகிறதே என்பதற்காக மட்டும் அவரை மீண்டும் அந்தக் கட்டிலில் படுக்க வைக்காதீர்கள்.