ரயில்வே கேட்: கேளுங்கள், சொல்கிறேன்

மதுரைப் பக்கம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊருக்குள் அடுத்தடுத்து இருக்கிற கேட்டுகளைப் பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன். டிக்கெட், ரீபண்ட் கேள்விகள் இங்கே வேண்டாம்.

ஆட்டோ ஓட்டுகிற தம்பி: ஐயா, எங்க ஏரியாவுல அரைக் கிலோமீட்டருக்குள்ள ரெண்டு கேட்டு. வர்றது ஒரே வண்டி. எதுக்கு ரெண்டையும் ஒண்ணா சாத்துறாங்க?

தம்பி, கேட்டைச் சாத்துவது சிக்னல் விழுவதற்காக, அதாவது வண்டிக்குப் பச்சை கிடைப்பதற்காக. கேட்டுக்கு முன்னால் ஒரு சிக்னல், அதற்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் டிஸ்டன்ட் சிக்னல். டிஸ்டன்ட்டிலேயே பச்சை தெரிந்தால்தான் லோகோ பைலட் வேகம் குறைக்காமல் வருவார். 110 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி பிரேக் போட்டு நிற்க ஒரு கிலோமீட்டர் போல ஆகிவிடும். இவ்வளவு நெருக்கத்தில் இருக்கிற கேட்டுகளுக்குத் தனித்தனியாகச் சிக்னல் நட இடம் கிடைக்காது. இரண்டையும் ஒரே சிக்னலில் கட்டிவிடுவார்கள். இரண்டும் பூட்டினால்தான் அது விழும்.

கேட்மேன் வின்ச்சைச் சுற்றிக் கம்பத்தை இறக்கி, பூட்டி, சாவியைப் பெட்டியில் போட்டுத் திருப்புவார். போனில் எனக்கு இரண்டு இலக்க எண் ஒன்று சொல்வார், ‘பிரைவேட் நம்பர்’ என்போம். அவரும் எழுதிக்கொள்வார், நானும் எழுதிக்கொள்வேன். சிக்னல் விழுந்த பிறகு அந்தச் சாவி வெளியே வராது. நீங்கள் ஹாரன் அடித்தாலும் கெஞ்சினாலும் அவர் கையில் ஒன்றுமில்லை. பாவம், அவரைத் திட்டாதீர்கள்.

சரக்கு வண்டி என்றால் இன்னும் மோசம். நீளம் 700 மீட்டருக்குப் பக்கம். உங்கள் இரண்டு கேட்டையும் ஒரே நேரத்தில் மறித்துக்கொண்டு நிற்கும். 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கேட்டைத் தாண்டவே ஒரு நிமிஷம் ஆகும்.

ஆம்புலன்ஸ் வந்தாலுமா?

சிக்னல் விழவில்லை என்றால் ஸ்டேஷனைக் கேட்டுத் திறப்பார்கள். விழுந்துவிட்டால் அதைத் திரும்பச் சிவப்பாக்கி, வண்டி நின்றதை உறுதி செய்து திறப்பதற்குள் அந்த வண்டியே போய்விடும்.

பசுமலையிலிருந்து: வண்டி போன பிறகும் கேட்டு தொறக்கல. பைக்கைச் சாய்ச்சுக் குனிஞ்சு போனா தப்பா?

தப்பு. மதுரை–கன்னியாகுமரி இப்போது இரட்டைப் பாதை. போகிற வண்டியின் பெட்டிகள் எதிர்ப்பாதையில் வருவதை மறைக்கும், அதன் சத்தத்தில் இதன் சத்தமும் கேட்காது. ஒரு வண்டி போய்விட்டது என்று தலையை நுழைக்காதீர்கள்.

கேட்டை ஏன் இவ்வளவு நேரம் சாத்துறாங்க?

முதல் பதிலில் இருக்கிறது.

எங்க கேட்டுக்கு மேம்பாலம் எப்ப வரும்?

தேதி என்னிடம் இல்லை, கணக்கு இருக்கிறது. ஒரு நாளில் போகிற ரயில்களையும் ரோட்டு வண்டிகளையும் பெருக்குவார்கள். 40 ரயில், 3,000 வண்டி என்றால் 1,20,000. ஒரு லட்சத்தைத் தாண்டினால் ரயில்வேயும் மாநில அரசும் செலவைப் பாதிப் பாதி ஏற்கிற வரிசையில் வரும். பிறகு நிலம் எடுக்க வேண்டும். ஊருக்குள் இழுப்பது அதுதான்.

உசிலம்பட்டிப் பக்கத்து அண்ணன்: மேம்பாலம் கேக்காதீங்க. கேட்டை எடுத்துட்டு சப்வே போடுங்க, காத்திருக்கிற வேலையே இல்ல.

கருமாத்தூர்க்காரர்: அண்ணே, மழை நாள்ல வந்து பாருங்க. இடுப்பளவு தண்ணி. பள்ளிக்கூடப் பிள்ளைக தண்டவாளத்து மேலதான் ஏறிப் போகுது.

உசிலம்பட்டி: மோட்டார் வைக்கச் சொல்லுங்க!

கருமாத்தூர்: கரண்டு போச்சுன்னா?

இரண்டு பேரும் பொறுங்கள். உங்கள் ஊர்கள் வழியாகப் போகிற மதுரை–போடி லைனை 2010 கடைசியில் அகலப்பாதைக்காக மூடி, 2022 மே மாதம் தேனி வரையிலும் 2023 ஜூனில் போடி வரையிலும் வண்டி விட்டார்கள். அந்த வேலையோடு பல இடங்களில் கேட்டுக்குப் பதில் சப்வே வந்தது. ரயில் நிற்காமல் போக அது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் சப்வேயின் தரை பக்கத்து ஓடையைவிடப் பள்ளத்தில் இருந்தால் எந்த மோட்டாரும் காப்பாற்றாது. இறைத்த தண்ணீர் திரும்ப உள்ளேதான் வரும். நகருக்குள் மணிநகரம் சுரங்கப்பாதையை ஒவ்வொரு மழைக்கும் பார்க்கிறோமே! தண்ணீர் வடிந்து போக வழி காட்டாமல் ஒரு கேட்டையும் மூடக் கூடாது. கருமாத்தூர்க்காரர் சொல்கிற பிள்ளைகள் ஏறுகிற இடத்தில் இப்போது கேட்மேனும் இல்லை, கம்பமும் இல்லை. இதில் நான் அவர் பக்கம்.

உசிலம்பட்டி: அப்ப கேட்டே இருக்கட்டும்கிறீங்களா?

வடிகால் வரும் வரை, ஆமாம்.

கேட்மேன் தூங்கிட்டா?

அதற்குத்தான் இன்டர்லாக். கேட்டு பூட்டாமல் பச்சை விழாது. 2025 ஜூலை 8 அன்று கடலூர் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் அடிபட்டு மூன்று பிள்ளைகள் போனார்களே, அந்தக் கேட்டில் இன்டர்லாக் இல்லை. உங்கள் ஊர்க் கேட்டில் இருக்கிறதா என்று மனுப் போட்டுக் கேளுங்கள்.

கம்பத்தை நாமளே தூக்கினா?

ரயில்வே சட்டம் பிரிவு 160. திறந்தால் மூன்று வருஷம் வரை, உடைத்தால் ஐந்து வருஷம் வரை சிறை. மறுபடியும் சொல்கிறேன், குனிந்தும் போகாதீர்கள்.

ராத்திரி ஹாரன் தாங்க முடியல.

கேட்டுக்கு 600 மீட்டர் முன்னால் விசில் பலகை இருக்கும். அங்கிருந்து கேட்டு வரை ஊத வேண்டும். உங்களுக்கு இரண்டு கேட்டு நெருக்கம், முதல் கேட்டைத் தாண்டுமுன்பே அடுத்த கேட்டின் பலகை வந்துவிடும். அதனால்தான் விடாமல் கேட்கிறது.

கேட்டு ஏன் லேட்டாத் தொறக்குது?

முதல் பதில்.

என் பையன் கேட்கிறான்: சிவப்பு சிக்னல்ல நின்ன ரயில், சிவப்பு மாறாமலே மெதுவா கிளம்பிப் போச்சாம். நிஜமா?

அந்தக் கம்பத்தில் மஞ்சள் வட்டத்துக்குள் கறுப்பில் ‘ஜி’ என்ற ஆங்கில எழுத்து இருந்திருக்கும். அது கேட் சிக்னல். பகலில் ஒரு நிமிஷம், இரவில் இரண்டு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, ஊர்ந்து கேட்டு வரை போகலாம். அங்கே கேட்மேன் கொடி காட்டினால் தாண்டலாம். பையன் சரியாகத்தான் பார்த்திருக்கிறான்.