அறிவியல் வகுப்பறையில் உளவியல்: ஆசிரியர் பயிற்சி பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: பி.எட். முதலாண்டில் பியாஜே, வைகாட்ஸ்கி என்ற உளவியலாளர்களின் கற்றல் கோட்பாடுகளைப் படித்தேன். மின்சுற்றுப் பாடம் நடத்தும்போது அவற்றால் என்ன பயன்? (மாணவ ஆசிரியை, தஞ்சாவூர்)

பதில்: உளவியலையும் அறிவியல் கற்பித்தலையும் தனித்தனித் தாள்களாகப் படித்துத் தேர்வெழுதுவதால்தான் இந்த ஐயம் எழுகிறது. ஒரே மாதிரியான இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்தால், முதல் பல்பு மின்னோட்டத்தில் ஒரு பகுதியைச் செலவழித்துவிடும், ஆகவே அடுத்தது மங்கலாக எரியும் என்று பல மாணவர்கள் நம்புகிறார்கள். இது கவனக்குறைவு அன்று; டார்ச் விளக்கின் பேட்டரி தீர்ந்துபோவதைப் பார்த்து அவர்களே உருவாக்கிக்கொண்ட விளக்கம். புதிய செய்தியைப் பழைய கருத்துக்குள் அடக்கிக்கொள்ளவே மனம் முயல்கிறது என்றும், அடக்க முடியாதபோதுதான் பழைய கருத்தை மாற்றிக்கொள்கிறது என்றும் பியாஜே சொன்னது இங்கே பொருந்துகிறது. எனவே சுற்றை மூடுவதற்கு முன் ஒவ்வொருவரும் தம் கணிப்பைக் காரணத்தோடு குறிப்பேட்டில் எழுதி, அருகில் இருப்பவரோடு விவாதிக்கட்டும். தனியே எட்ட முடியாததைத் துணையோடு எட்டலாம் என்ற வைகாட்ஸ்கியின் கருத்து அந்த உரையாடலில்தான் செயலுக்கு வருகிறது. பிறகு இரு பல்புகளும் ஒரே அளவில் ஒளிர்வதையும், பல்புக்கு முன்னும் பின்னும் மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டர் ஒரே அளவைக் காட்டுவதையும் அவர்களே பார்க்கட்டும். ஏதோ ஒன்று தீர்கிறது என்ற அவர்களது உணர்வு முற்றிலும் தவறன்று என்பதையும் மறவாமல் சொல்லுங்கள்: தீர்வது மின்கலத்தின் வேதியாற்றல், மின்னோட்டம் அன்று.

கேள்வி: மாணவர்களைப் பார்த்துக் கற்போர், கேட்டுக் கற்போர் எனப் பிரித்துக் கற்பிக்கலாமா?

பதில்: வேண்டாம். அப்படிப் பிரித்துக் கற்பிப்பதால் கற்றல் மேம்படுகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008இல் வெளிவந்த உளவியலாளர் பாஷ்லர் குழுவினரின் மீளாய்வு காட்டியது. இதயத்தின் அமைப்புக்குப் படம் எல்லா மாணவர்களுக்குமே தேவை.

கேள்வி: சக மாணவ ஆசிரியர்கள் முன் சில நிமிடம் பாடம் நடத்திப் பழகும் நுண்ணிலைக் கற்பித்தல் வெறும் நடிப்பாகவே தோன்றுகிறதே?

பதில்: சக மாணவ ஆசிரியர்கள் விடை தெரிந்துகொண்டே தெரியாதவர்போல் அமர்ந்திருப்பதால் அப்படித் தோன்றுவது இயல்பே. 1963இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலன் உருவாக்கிய இம்முறையின் இந்திய வடிவத்தில், கற்பிக்க 6 நிமிடம், பின்னூட்டத்துக்கு 6, மறுதிட்டத்துக்கு 12, மறுபடி கற்பிக்க 6, மறுபின்னூட்டத்துக்கு 6 என ஒரு சுழற்சி 36 நிமிடங்களில் முடிகிறது. நடுவிலுள்ள அந்த 12 நிமிடங்கள்தான் இதன் உயிர். பல கல்லூரிகளில் நேரமின்மையால் முதலில் வெட்டப்படுவதும் அதுதான் என்பது வருத்தத்துக்குரியது. வினா கேட்கும் திறன் ஒன்றையே எடுத்து, மாணவர் விடையிலிருந்து அடுத்த வினாவை எழுப்பப் பழகுங்கள். உண்மையான சோதனை 20 வாரப் பள்ளிப் பயிற்சியில் வரும்.

கேள்வி: நன்றாகப் புரிந்துகொண்ட பாடத்தையும் மாணவர்கள் ஒரு வாரத்தில் மறந்துவிடுகிறார்கள். (பட்டதாரி ஆசிரியர், விருதுநகர்)

பதில்: மறுபடி வாசிக்கச் சொல்வதைவிட, புத்தகத்தை மூடி நினைவுகூரச் செய்வது நல்லது. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கேயும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடங்களுக்குப் பின் சோதித்தபோது மீண்டும் வாசித்தவர்களே முந்தினர். ஒரு வாரத்துக்குப் பின்னோ, நினைவுகூர்ந்து எழுதியவர்கள் முந்தினர். ஆகவே ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் சென்ற வாரப் பாடத்திலிருந்து இரண்டு மூன்று வினாக்கள் கேளுங்கள். அவற்றுக்கு மதிப்பெண் போடாதீர்கள். அச்சமின்றித் தவறாக எழுதும் மாணவரே எங்கே தடுமாறுகிறார் என்பதை உங்களுக்குக் காட்டுவார்.