உயிரினப் பரவல் மாதிரிக்குப் பதிவுகளை அப்படியே பயன்படுத்தலாமா?

உயிரினங்கள் எங்கெங்கே காணப்பட்டன என்ற பதிவுகளைத் திரட்டித் தரும் ஜிபிஃப் (GBIF) தரவுத்தளத்திலிருந்து இறக்கிய பதிவுகளைத் திருத்தாமல், ஓர் உயிரினம் எங்கெல்லாம் வாழக்கூடும் என்று கணிக்கும் மாதிரியை உருவாக்கும் மேக்ஸென்ட் (MaxEnt) மென்பொருளில் இடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இடக்கூடாது.

இரட்டைப் பதிவுகள், பூச்சிய அட்சரேகையும் பூச்சிய தீர்க்கரேகையும் கொண்ட புள்ளிகள், நாட்டின் மையப்புள்ளியிலோ அருங்காட்சியகத்தின் முகவரியிலோ விழுந்த ஆயங்கள் ஆகியவற்றை எளிதில் நீக்கிவிடலாம். இருப்பிடத் துல்லியம் அதைவிடக் கவனம் கோருவது: ஒரே தசம இலக்கத்துக்கு முழுமையாக்கப்பட்ட ஆயத்தில், நிலநடுக்கோட்டருகே ஒரு படிநிலையே ஏறத்தாழ 11 கி.மீ. ஆகும். அத்தகைய புள்ளியை 1 கி.மீ. காலநிலைக் கட்டங்களோடு பொருத்தினால், குறிப்பாக மலைப்பகுதியில், அந்த உயிரினம் ஒருபோதும் வாழ்ந்திராத உயரத்தின் வெப்பநிலையை மாதிரி கற்றுக்கொள்ளும்.

என் பார்வையில், இவற்றைவிடப் பெரிய சிக்கல் மாதிரியெடுப்புச் சாய்வுதான். பார்வையாளர்கள் சாலைகளையும் நகரங்களையும் ஒட்டியே அதிகம் பதிவு செய்வதால், மாதிரியானது, உயிரினத்தின் வாழிடத்தை விட்டு மனிதர் சென்றுவரும் இடங்களைக் கணிக்கத் தொடங்குகிறது. நெருக்கமான புள்ளிகளைக் குறைப்பது ஓரளவு உதவும். ஆனால் அதே வகையினத்தொகுதியைச் சேர்ந்த பிற உயிரினங்களின் பதிவிடங்களைப் பின்னணிப் புள்ளிகளாக (மாதிரி ஒப்பிட்டுப் பார்க்கும் இடங்களாக) கொள்வது, பதிவுகளிலுள்ள சாய்வைப் பின்னணியிலும் கொண்டுவருவதால், பெரும்பாலும் கூடுதல் பயன் தரும். மாதிரியின் மதிப்பீட்டையும், பதிவுகளைத் தற்செயலாகப் பிரித்துச் செய்யாமல், புவியியல் தொகுதிகளாகப் பிரித்துச் செய்யுங்கள். இல்லையெனில் அருகருகே உள்ள புள்ளிகள் மாதிரியின் கணிப்புத் திறனை அளக்கும் ஏயூசி (AUC) மதிப்பைப் பொய்யாக உயர்த்திக் காட்டும்.