மீன் சட்டியை விட்டு நகராத பூனை

கேள்வி: எங்கள் வீடு களியக்காவிளைக்குப் பக்கம். இரண்டு வயதுப் பெண் பூனை ஒன்று இருக்கிறது, மாமியாருக்கு அதன் மேல் கொள்ளைப் பிரியம். மீன்காரம்மா வாசலில் பாத்திரத்தை இறக்கும்போதே கத்தத் தொடங்கிவிடும். சாப்பிட உட்கார்ந்தால் மடியில் ஏறித் தட்டில் கை வைக்கிறது. போன வாரம் மசாலா தடவி வைத்திருந்த சாளையில் பாதியைக் காணோம். அடித்தும் பார்த்தாச்சு. என்ன செய்ய?

பதில்: முதலில் அடிப்பதை விட்டுவிடுங்கள். மீனைத் தொடக்கூடாது என்று அது படிக்கப்போவதில்லை, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது தொடக்கூடாது என்று மட்டும்தான் படிக்கும். கொல்லையில் துணி காயப்போட்டு வரும் நேரம் போதும் அதற்கு.

மீன் வெட்டும்போது தலையையும் குடலையும் அதற்குப் போடுவது யார்? சாப்பிடும்போது முள்ளோடு ஒரு துண்டை யாருக்கும் தெரியாமல் கீழே நழுவவிடுவது யார்? மாமியார்தான் என்றால் அவரிடம் பக்குவமாகப் பேசுங்கள், ஏனென்றால் வீட்டில் ஒருத்தர் கொடுத்தாலும் மற்றவர்கள் விரட்டுவது வீண். பத்துத் தடவை விரட்டிவிட்டு, பதினோராவது தடவை "பாவம், கத்துதே" என்று போடுகிறோமே, அதுதான் வினை. எப்போது கிடைக்கும் என்று தெரியாத தீனிதான் பழக்கத்தை ரொம்ப இறுக்கமாகப் பிடித்து வைக்கும். அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் 1950-களிலேயே புறாக்களையும் எலிகளையும் வைத்து இதைக் காட்டியிருக்கிறார். இன்னொன்று, நிறுத்திய முதல் சில நாள் கத்தல் கூடத்தான் செய்யும், அப்போது இரங்கிவிட்டால் இனி அவ்வளவு சத்தம் போட்டால்தான் கிடைக்கும் என்று அது எடுத்துக்கொள்ளும்.

சரி, அதற்கு நிஜமாகவே பசி இருக்கிறதா என்றும் பாருங்கள். சோற்றில் மீன்குழம்பை ஊற்றி வைத்தால் வயிறு நிரம்பும், உடம்புக்கு வேண்டியது கிடைக்காது. பூனை இறைச்சி தின்றே ஆக வேண்டிய பிராணி. டாரின் என்ற சத்து அதற்கு இறைச்சியிலும் மீனிலும்தான் கிடைக்கும், நீண்ட நாள் குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். குழம்பிலும் மசாலாவிலும் இருக்கும் வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களை உடைக்கும், ஆகவே அந்தச் சாளை திருட்டை விளையாட்டாக விட வேண்டாம். உப்பு போடாமல் வேகவைத்து முள் எடுத்த மீன், கோழி, கூடவே கடையில் விற்கும் பூனைத் தீவனம் கொடுங்கள். நாலு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 முதல் 250 கலோரி வேண்டும். காலையில் மொத்தத்தையும் கொட்டிவிடாமல் நாலு வேளையாகப் பிரியுங்கள். எலி பிடித்து வாழும் பூனை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும், இதுவும் அதே இனம்தானே.

நீங்கள் சாப்பிட உட்காருவதற்கு முன்னால் ஈர்க்கிலில் நூல் கட்டிக் கொஞ்ச நேரம் துரத்தவிட்டு, அப்புறம் அடுக்களைக்கு வெளியே, தினமும் ஒரே இடத்தில், அதன் தட்டை வையுங்கள். ஓடிப் பிடித்துத் தின்ற பூனை நக்கிக்கொண்டு தூங்கப் போய்விடும். மீன் வெட்டும் நேரம் உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள், மசாலா தடவியதை ஃபிரிட்ஜில் வையுங்கள், இல்லையென்றால் கனமான மூடி போடுங்கள். ஒரு தடவை திருட்டு பலித்தாலும் அதுவும் அதற்குப் பரிசுதான். இதையெல்லாம் செய்தும் பசி அடங்காமல் மெலிந்தால் குடற்புழு இருக்கலாம், கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். மனுஷருக்கு உள்ள பூச்சி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: கருத்தடை செய்த எங்கள் பூனை குண்டாகிவிட்டது. இங்கே தின்றுவிட்டுப் பக்கத்து வீட்டிலும் போய்ப் பட்டினி கிடந்தது மாதிரி நிற்கிறது. ஒரு வாரம் பட்டினி போடலாமா? (செங்கோட்டை வாசகர்)

பதில்: வேண்டவே வேண்டாம். குண்டுப் பூனை சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். கருத்தடைக்குப் பிறகு பசி கூடும், தேவையோ குறையும். அளந்து போடுங்கள், அளவையும் கொஞ்சம் கொஞ்சமாகவே குறையுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் நீங்கள் அளந்து வைத்ததில் ஒரு பங்கை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.